அண்டம்விழுங்கி ஆறுமுகத்துக்கு விடுப்பு

ஆடி 5, திங்கள்

காலையில் வாஷிங் மெஷின் ஒரு குதி குதித்தது. அந்தக் குதியில் திருச்செங்கோடு மலை அரை அங்குலமாவது கிழக்கே நகர்ந்திருக்கும். ஊரில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். மாவு புளித்துவிட்டது. இரண்டு தோசை. அதைத் தோசை என்று நானாகத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், வீட்டில் மறுத்துப் பேச வேறு ஆள் இல்லை.

ஆபீஸ். அக்கா வீட்டுக்காரர் வையாபுரி மச்சானின் போர்வெல் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்பது பழைய இரும்புக் கிடங்கு. அதன் ஏகச் சக்கரவர்த்தி அர்த்தநாரியாகிய நான். மந்திரி, தளபதி, வாயிற்காவலன் எல்லாம் அக்கா மகள் மிதுனா. ஆட்சி என்னுடையது, வேலை அவளுடையது.

மதியத்துக்கு முன்னால் நிறைமாதமாக ஒரு பெண் வந்தாள். ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ஏழாம் நம்பர் போர் வண்டியில் டிரில்லராக இருக்கும் பொன்னரசுவின் மனைவி, பெயர் செவந்தி. நாற்காலி கொடுத்தோம், உட்காரவில்லை. அவருக்கு ஆனியிலேயே ஊருக்கு வரும் முறை வந்திருக்க வேண்டும், இன்னும் கூப்பிடவில்லை, ஆபீஸில் யாருக்காவது அவர்மேல் கோபமா என்று கேட்டாள். யாருக்கும் கோபம் கிடையாது, முறை போடுவது கம்ப்யூட்டர் என்று மிதுனா விளக்கினாள். டாக்டர் ஆடிக் கடைசி என்று நாள் சொல்லியிருக்கிறாராம்.

"மொதக் கொழந்தையப் பொதைக்கறப்ப அவரு ஜோத்பூர்ல இருந்தாருங்க. இந்தத் தடவ இங்க இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

ஆடி 6, செவ்வாய்

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களின் வசதிக்காக விளக்கமாகவே எழுதிவைக்கிறேன்.

போர் வண்டியில் வடக்கே போகிறவர் ஏழெட்டு மாதத்துக்குக் குறையாமல் அங்கேயே கிடப்பார். யார் முதலில் ஊர் திரும்புவது என்பதில் முன்பெல்லாம் உலகப் போர் நடக்கும். ஒரு தடவை மச்சான் தெரிந்தவர் என்று ஒருவரை முந்திக் கூப்பிட்டுவிட, மற்றவர்கள் குழாயைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. போய் எத்தனை காலம், கடைசியாக எப்போது வந்தார், எல்லாம் பார்த்துக் கம்ப்யூட்டர் வரிசை போடும். முதலில் இருப்பவர் வருவார், அவருக்குப் பதில் ஒருவர் போவார். தலைக்குத் தலை. இதில் மச்சான்கூடக் கை வைப்பதில்லை.

வரிசையைப் புதன்கிழமைதோறும் ஒரு டாஸ்க் திருத்தி எழுதும். டாஸ்க் என்றால் ஒரே கட்டளையில் அடுத்தடுத்து நடக்கும் மூன்று காரியம். ஆட்களின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் அட்டவணைகளை ஒழுங்குபடுத்தும். சோதனைக்கென்று தனியாக இருக்கும் டேட்டாபேஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். பிறகு முறை போடும்.

அந்தச் சோதனை டேட்டாபேஸ் என் கைவண்ணம். நிஜ ஆட்களை வைத்து விளையாடக் கூடாதல்லவா, அதனால் பொய் ஆட்களைக் குடியேற்றியிருக்கிறேன். அங்கே 'ஏழாம் பாதாளம்' என்று ஒரு வண்டி. நாற்பதாயிரம் அடி தோண்டியது. கீழே குடியிருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டதால் வேலை நின்றது. அதன் டிரில்லர் அண்டம்விழுங்கி ஆறுமுகம். உயரம் பதினெட்டடி. எழுநூறு வருடமாக லீவு எடுக்காதவர். மிதுனா இவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்று அவள் டாஸ்க்கைத் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. ஒத்திகைக்கு வைத்திருக்கும் மெஷினில் ஓட்டினாள். அங்கும் ஓடியது. முறை துல்லியமாக வந்தது. எங்கும் பிழை இல்லை. பிழையே இல்லாத இடத்தில் பிழை தேடுவது, இல்லாத மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி.

ஆடி 7, புதன்

ஆபீஸ் மெஷினில் டாஸ்க் ஓடியது. 'முடிந்தது' என்று பச்சை எழுத்தில் சொன்னது. முறை நகரவில்லை.

பழைய வரிசைகளை எடுத்துப் பார்த்தோம். சித்திரையில் எங்கள் புரோகிராமுக்கு அஸ்திவாரமான வெப் ஃபிரேம்வொர்க்கைப் புதுப் பதிப்புக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு ஒருவருக்குக்கூடப் புதிதாக முறை வரவில்லை. யாரும் வருவதில்லை, யாரும் போவதில்லை, சண்டை இல்லை. இதை நல்ல நிர்வாகம் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆடி 8, வியாழன்

மிதுனா கண்டுபிடித்தாள்.

மூன்றாவது காரியம் நடக்காமல் இல்லை. புதன்கிழமைதோறும் ஒழுங்காக நடந்திருக்கிறது. இடம்தான் வேறு. டாஸ்க், சோதனை டேட்டாபேஸுக்குள் போகிறது, இடித்துக் கட்டுகிறது, அங்கேயே தங்கிவிடுகிறது. திரும்பி நிஜ டேட்டாபேஸுக்கு வருவதில்லை. அடுத்த வேலை முறை போடுவதா, சரி, இருக்கிற இடத்திலேயே போடுவோம் என்று அங்கேயே போட்டுவிடுகிறது. முந்தைய பதிப்பு தானாகத் திரும்பி வரும். புதியதில் நாம்தான் கூட்டிவர வேண்டும்.

மிதுனா சோதனை டேட்டாபேஸைத் திறந்து காட்டினாள். முறை வரிசையில் முதல் பெயர் அண்டம்விழுங்கி ஆறுமுகம். நேற்றைய தேதியில் விடுப்பு அனுமதி.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுநூறு வருடம் காத்திருந்தவருக்குக் கிடைத்துவிட்டது, பொன்னரசுவுக்குக் கிடைக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

லேப்டாப்பில் ஏன் தெரியவில்லை என்றால், அதில் இரண்டு டேட்டாபேஸிலும் என் பொய் ஆட்கள்தான். எந்த வீட்டுக்குள் நிற்கிறோம் என்று அடையாளமே தெரியாது. ஒத்திகை மெஷினில் சோதனை டேட்டாபேஸே இல்லை, தங்கிவிட இடம் கிடையாது. ஃபிரேம்வொர்க்கின் விதி அப்படி: 'டெவலப்மென்ட்', அதாவது இது கட்டிப் பார்க்கும் இடம் என்று பெயர் ஒட்டிய மெஷினில்தான் சோதனை டேட்டாபேஸையும் கூடவே தொடும்.

அப்படியானால் கம்பெனியே நம்பி ஓடும் நிஜ மெஷினுக்கு ஏன் அந்தப் பெயர்? மிதுனா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றிக்கொண்டிருந்தது.

ஆடி 9, வெள்ளி

மிதுனா விடவில்லை, அந்தப் பெயர் வந்த கதையை எழுதிவிடுகிறேன்.

போன வருடம் ஆனி முடிய இருந்தது. புது மெஷின் வந்து சேர ஆடி ஆகிவிடும். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, கடைசி முகூர்த்தத்திலேயே ஆரம்பித்துவிடு என்று மச்சான் உத்தரவு. கையில் இருந்தது நாங்கள் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மெஷின் ஒன்றுதான். அதற்கே சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இதுதான் நிஜம் என்று அறிவித்துவிட்டோம். அன்று நான் ஆற்றிய சொற்பொழிவில் பதினாறு திசைகளும் அதிர்ந்தன. மறுநாளே ஆட்கள் அதில் தங்கள் விவரங்களைப் பதிய ஆரம்பித்துவிட்டார்கள். ஆடியில் வந்த புது மெஷினைத் தொடங்க முடியாதே, அதை ஒத்திகைக்கு வைத்தோம். ஆவணியில் மாற்றிக்கொள்ளலாம் என்றோம். ஆவணி வந்தது, போனது. மெஷினின் நெற்றியில் சந்தனம் இருந்தது. உள்ளே பழைய பெயரும் இருந்தது.

எளிய வழி, பெயரை மாற்றிவிடுவது. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். மச்சானிடம் போய்ச் சொன்னோம். நாள்காட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஆடில பேரு மாத்தறதா? ஆவணி பொறக்கட்டும் மாப்ள, நானே தேங்கா ஒடைக்கறேன்."

செவந்திக்கு ஆவணி உதவாது. ஆக, டாஸ்க்கையே திருத்த வேண்டும்.

ஆடி 10, சனி

இட்லி அரிசி ஊறவைத்தேன். உளுந்து வாங்க மறந்துவிட்டேன். செவந்தி போன் செய்தாளாம். பார்க்கிறோம் என்று மிதுனா சொன்னாளாம்.

ஆடி 12, திங்கள்

மிதுனாவின் முதல் திருத்தம்: சோதனை டேட்டாபேஸைத் தொடாதே என்று டாஸ்க்குக்குச் சொன்னாள். ஆபீஸ் மெஷினுக்கு அது போதும். லேப்டாப்பில் சோதனைகள் அத்தனையும் சரிந்து விழுந்தன, அட்டவணைகளின் புதிய அமைப்பு அங்குள்ள சோதனை டேட்டாபேஸுக்குப் போய்ச் சேரவில்லை. ஓரிடத்தில் தைத்தால் இன்னோரிடத்தில் கிழிகிறது.

இரண்டாவது திருத்தம்: உள்ளே போகுமுன் எங்கிருந்து வந்தோம் என்று டாஸ்க் குறித்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வேண்டும். மூன்று மெஷின்களிலும் ஓட்டினாள், ஆபீஸ் மெஷினுக்கு மட்டும் அதன் நகலில். மூன்றிலும் சரி. அவள் முகத்தில் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

நான் காபி போட்டேன். அதன் மணம் நாமக்கல் வரை போய் லாரிகளை நிறுத்தியது.

ஆடி 13, செவ்வாய்

சக்கரவர்த்தி என்பவன் சும்மா இருக்கக் கூடாது. காலையில் சோதனை டேட்டாபேஸில் புதிதாக ஒருவரைக் குடியேற்றினேன். அவர் பட்டப்பெயர்கள் 'ஈரேழு உலகத்தையும் இடக்கையால் துளைத்த' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடும். பெயர் கட்டத்தில் அவ்வளவு இடம் கிடையாது. டாஸ்க் பாதியில் மூச்சுத் திணறி நின்றது.

மிதுனா வாய்க்குள் ஏதோ சொன்னாள். மூத்தவர்களைச் சொல்லும் வார்த்தை இல்லை. பிறகு திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். பாதியில் நின்ற டாஸ்க் திரும்பி வரவில்லை. சோதனை டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தது. நடுவில் ஏதாவது உடைந்தால், அவள் திருத்தமும் பழைய பிழையாகவே ஆகிவிடுகிறது.

உடைந்தாலும் உடையாவிட்டாலும் திரும்பியே ஆக வேண்டும் என்று மாற்றி எழுதினாள். என் வீரரின் பெயரை வெட்டி 'ஈரேழு' என்று மட்டும் விட்டாள். எனக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஆனால் மதியம் அவள் டப்பாவிலிருந்து கத்திரிக்காய் பொரியல் முழுவதும் என் பக்கம் வந்தது.

ஆடி 14, புதன்

ஓடியது. திரும்பியது. சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாக நிஜ வரிசை நகர்ந்தது.

முதல் பெயர் பொன்னரசு இல்லை.

மாதேசன். அதே ஏழாம் நம்பர் வண்டியின் சமையல்காரர், பென்னாகரம் பக்கம். அவருக்கு வைகாசியிலேயே முறை வந்திருக்க வேண்டும். இதுவரை ஒரு போன் செய்து கேட்டதில்லை. பொன்னரசு இரண்டாவது. கீழே இன்னும் ஐந்தாறு பேர். ஆவணி வரை பொறுத்துக்கொள்வதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அனுப்ப எங்களிடம் இருப்பது சங்ககிரி வேலுச்சாமி ஒருவர்தான். ஆடியில் புதிதாக யாரும் வேலைக்குச் சேரமாட்டார்கள். தலைக்குத் தலை என்றால், ஒரு தலைதான் ஊர் திரும்பும்.

செவந்திக்கு யார் சொல்வது என்று பேசிக்கொள்ளவே இல்லை. இருவரும் வேறு வேலை பார்த்தோம். கீபோர்டு துடைத்தேன். சுத்தமாக இருந்ததையே துடைத்தேன்.

ஆடி 15, வியாழன்

மாதேசனுக்கு நானே போன் செய்தேன். மனிதர் நல்ல மாதிரி. கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசினால், அவரே பொன்னரசு போகட்டும் என்று சொல்லிவிடுவார் என்பது என் ராஜதந்திரம். பொன்னரசு நிலைமையை எடுத்துச் சொன்னேன். தெரியுமுங்க என்றார். ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கரண்டி எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஆரும் இல்லீங்க. அதுக்காவ எம்மொறையும் இல்லைன்னு ஆயிருமுங்களா?"

ஆகாது என்றேன். அங்கே வெயில் எப்படி என்று விசாரித்தேன். கடுமையான வெயில்தானாம். வைத்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

கோயிலில் கூட்டம். வெளியே நின்றே கும்பிட்டேன்.

ஆடி 17, சனி

இரண்டு பேரின் வரிசை எண்ணை மாற்றி எழுத ஒரே ஒரு வரி போதும். டேட்டாபேஸில் எனக்கு இல்லாத அதிகாரமா? அந்த வரியைத் திரையில் அடித்து, அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மிதுனா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது.

"கையில மாத்திக்கலாம்னா, அப்புறம் இத எதுக்கு மாமா இத்தன நாளு சரி பண்ணுனோம்?"

அழித்துவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் சேரும் ஆனியிலேயே ஏன் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்று கேட்டாள்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. அக்கா வீட்டில் தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு. நான் சாப்பிட்ட அளவைப் பார்த்திருந்தால் காவிரியே ஒரு கணம் வற்றியிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும், வடமேற்கு எல்லைப்புறத்தில் என் சாம்ராஜ்யத்தின் நிலைமையை நேரில் பார்வையிட முடிவு செய்திருப்பதாக மச்சானிடம் அறிவித்தேன். ஏழாம் நம்பர் வண்டியில் முகாம். போகிற இடத்தில் சும்மா இருக்க முடியாது, அடுப்பையும் பார்த்துக்கொள்வேன். மாதேசன் தலைக்கு என் தலை, பொன்னரசு தலைக்கு வேலுச்சாமி தலை. கணக்கு நேராகிவிடும்.

அக்கா, கிறுக்கனே என்றாள். மச்சான் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். இந்த வயதில் பாலைவன வெயிலில் கிடக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று நான் சொல்லாததால் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார், ஆடியில் புது வேலை தொடங்கலாமா என்று.

"புதுசா என்னத்தைங்க மச்சான் தொடங்கறேன்? உங்க சோத்தத்தான் இத்தன வருசமாத் திங்கறேன். இனி ஆக்கிப் போட்டுத் திங்கறேன், அவ்வளவுதானுங்களே."

மிதுனா எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். ரயிலில் எனக்கும் வேலுச்சாமிக்கும் இடம் இருக்கிறதா என்று போனில் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆடி 19, திங்கள்

கேஸ் சிலிண்டரை மூடினேன். வாஷிங் மெஷினை ஓரமாக நகர்த்தினேன். பால்காரரிடம் சொல்லிவிட்டேன். மனைவியின் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தேன். சென்னை போய் அங்கே வண்டி மாற வேண்டும்.

ஆடி 22, வியாழன்

ஜோத்பூரிலிருந்து ஜீப்பில் இன்னும் இரண்டு மணி நேரம். வெயில் என்றால் அது வெயில். நிழல்கூட நிழல் தேடி அலைகிறது.

மாதேசன் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, பருப்பு, அரிசி, மிளகாய் எங்கெங்கே என்று காட்டினார். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் உப்பு, பருப்பைத் தனியாக ஊறவையுங்கள் என்றார். ஜீப்பில் ஏறிய பிறகு என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தார்.

பொன்னரசு நெடுநெடுவென்று ஒரு ஆள். என்னைப் பார்த்ததும், நீங்க போய் எதுக்குங்க என்று ஆரம்பித்தார். ரயிலைப் பிடி என்றேன்.

இரவு சாம்பார் வைத்தேன். ஆறு பேர் சாப்பிட்டார்கள். வேலுச்சாமி ஊறுகாய் கேட்டார், இரண்டு தடவை.

ஆடி 25, ஞாயிறு

பொன்னரசு காலையில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மிதுனா போன் செய்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாராம். மாதேசன் பென்னாகரம் பஸ்ஸில் ஏறிவிட்டாராம்.

பருப்பை ஊறவைக்க மறந்தேன்.

ஆடி 27, செவ்வாய்

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்தார்கள். தாயும் குழந்தையும் நலம். பொன்னரசு வெளியே இருந்தார். கையெழுத்துப் போட்டது, குழந்தையை முதலில் வாங்கியது, எல்லாம் அவரே.

இதைப் பெரிதுபடுத்தி எழுத எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஆடி 28, புதன்

டாஸ்க் தானாக ஓடியிருக்கிறது. மூன்று காரியமும் நடந்து, போன இடத்திலிருந்து ஒழுங்காகத் திரும்பியும் வந்திருக்கிறது. மதியம் வண்டியில் இருந்த எல்லோருடைய போனிலும் அவரவர் முறை வந்து விழுந்தது. எனக்கும் வந்தது. முகாம் பார்வையிட வந்த சக்கரவர்த்தி என்றெல்லாம் அதற்குத் தெரியவில்லை. ஏழாம் நம்பர், சமையல், புதிதாகச் சேர்ந்தவர். வரிசையில் கடைசிப் பெயர் என்னுடையது.

மிதுனாவுக்குப் போன் போட்டேன். அம்மிணி, உன் டாஸ்க்கில் இன்னொரு பிழை இருக்கிறது, மாமன் பெயர் அடியில் கிடக்கிறது, கொஞ்சம் பார் என்றேன். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"கரெக்டாத்தான் மாமா ஓடுது."

ஆவணியில் ஆட்கள் சேர்ந்தால், நமக்கு மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போவார்கள். அப்புறம் நம் முறை. சாயங்காலம் இன்னொரு படி அரிசி கூடுதலாகக் களைந்தேன், பக்கத்து வண்டிக்காரர்களும் சாப்பிட வருகிறார்களாம்.